கல்லடி வீடொன்றின் வெளிப்புறம் கழுவிய நாள்: நின்றதாக நினைத்த மெஷினும் ஒரு விரற்காயமும்

பின்னணி

இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது அந்த வீடு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பழைய வீட்டின் பெரும்பகுதி போய்விட்டது. அதன்பின் கட்டியதுதான் இப்போதுள்ள முன்பகுதி. ஒரு மாடி, ஓட்டுக் கூரை, சீமெந்துப் பூச்சு, வெள்ளைப் பெயின்ற். பின்னால் குசினி. அதன் மேலே கிடப்பவை பழைய வீட்டில் உடையாமல் தப்பிய அஸ்பெஸ்டஸ் சீற்றுகள். காசு தட்டுப்பாடான காலத்தில் அவற்றையே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குரியது. இந்த வீடும் மகளுக்குத்தான் எழுதப்படவிருந்தது. வைகாசியில் கல்யாணம், அதற்கு முதல் சித்திரை வருசப்பிறப்பு. நவம்பரில் தொடங்கிய மாரி மழை ஜனவரி முடியும்வரை அடித்ததில் வடக்குச் சுவர் பச்சையாகவும், பீலிக்குக் கீழே கறுப்பாகவும், கேற்றிலிருந்து விறாந்தைக்கு வரும் சீமெந்துப் பாதை வழுக்குமளவுக்கும் பாசி பிடித்துக் கிடந்தது. மார்ச் மாதக் கடைசியில் வெயில் ஏறியதும், கழுவிவிட்டுப் பெயின்ற் அடிப்பதென்று முடிவெடுத்தார்கள்.

நான் கட்டடத் தொழில் படிப்பித்த ஆள். அந்தக் குடும்பம் பழக்கமான குடும்பம். "ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கண்ணன்" என்று வீட்டுக்கார அம்மா கேட்டதால் போனேன். வேலைக்கு வந்தவர் இருபத்துநான்கு வயதுத் தம்பி ஒருவர். பெயின்ற் வேலையில் ஐந்தாறு வருட அனுபவம் உண்டு, ஆனால் அழுத்தத்தோடு தண்ணீர் அடித்துக் கழுவும் பிரஷர் மெஷினை இரண்டு தரம்தான் பிடித்திருந்தார். மெஷின் நகரத்துக் கடையொன்றில் நாள் வாடகைக்கு எடுத்தது. அதன் தகட்டில் 1800 வாட், உச்ச அழுத்தம் 140 பார் என்று இருந்தது. நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர் தண்ணீர் எடுக்கும் வீட்டுப் பாவனை மெஷின்தான். சின்ன மெஷின் என்று எல்லோரும் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் டயருக்கு நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். மனிதத் தோலைத் துளைக்க ஏழு பார் அளவு போதும். இந்தக் கணக்கைச் சொன்னபோது தம்பி சிரித்தார். நானும் அதை அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

முதல் நாள் பார்த்தவை

சனிக்கிழமை பின்னேரம் வீட்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன்.

முன் முகட்டில், தூணிலிருந்து வரும் மின்சார வயர் வீட்டுக்குள் இறங்கும் இடத்தில் வயரின் உறை வெயிலில் வெடித்திருந்தது. மீற்றர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. வெளி லைற்றுகள் இரண்டில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை. சுவரின் அடி இரண்டு அடி உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம், சுரண்டினால் மணலாக உதிர்ந்தது. கடற்கரை வீடுகளில் இது புதிதல்ல. பின்புறம் கிணறு, அதன் பக்கத்தில் குசினிக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் நீலப் பரல்.

சீற்றுகளை ஏணியில் ஏறி ஓரத்திலிருந்து மட்டும் பார்த்தேன். கறுத்திருந்தன, விளிம்புகளில் நார் தெரிந்தது. ஆணி அடித்த இடங்களில் மயிர் வெடிப்புகள்.

கூரையைத் தொடுவதில்லை என்ற முடிவு

அன்று அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். வீட்டுக்காரருக்குக் கூரைதான் முக்கியம். "கல்யாணத்துக்கு வாறவங்க பின்னுக்குச் சமையல் பந்தலுக்குப் போகாம விடுவாங்களா? கண்ணில படுறது அந்தக் கறுப்புச் சீற்தானே" என்றார். பக்கத்து வளவில் போன வருடம் இதே மாதிரி மெஷினால் அடித்ததில் சீற் புதிதுபோல் வெளுத்துவிட்டதாம்.

வெளுத்தது உண்மைதான். அது எப்படி வெளுத்தது என்பதைத்தான் அவருக்கு விளக்கினேன். சீற் என்பது சீமெந்தும் கல்நாரும் (அஸ்பெஸ்டஸ்) சேர்ந்தது. நாரைப் பிடித்து வைத்திருப்பது சீமெந்து. பல வருட மழையிலும் உப்புக் காற்றிலும் மேற்பரப்புச் சீமெந்து மெல்ல மெல்லக் கரைந்து, நார் ஏற்கெனவே தலைகாட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் அழுத்தத் தண்ணீரை அடித்தால் பாசியோடு அந்த மேற்தோலும் உரிந்து வரும். புதிது போலத் தெரிவது, உள்ளேயிருந்த சீமெந்து வெளியே வந்ததால். உரிந்த நார் தண்ணீரோடு சுவரிலும் முற்றத்திலும் கிணற்றடியிலும் பரலிலும் போய்ச் சேரும். ஈரமாக இருக்கும்வரை கண்ணுக்கும் தெரியாது, பறக்கவும் மாட்டாது. சித்திரை வெயிலில் காய்ந்தபின் கச்சான் காற்று அடித்தால் மூச்சுக்குள் போகும். இலங்கையில் நீலக் கல்நார் 1987 இல் தடை செய்யப்பட்டது. கூரைத் தகட்டில் வழக்கமாக இருப்பது வெள்ளைக் கல்நார். அதனால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்றே வகைப்படுத்தியிருக்கிறது. நோய் தெரிய இருபது முப்பது வருடங்கள் ஆகும் என்பதால், சீற்றைக் கழுவியவரும் நோயும் ஒருவர் கண்ணில் ஒன்றாகப் படுவதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. பழைய சீற் ஆள் பாரத்தைத் தாங்காது. கூரையில் ஏறி நின்று மெஷினைப் பிடிக்கும்போது பின்னால் தள்ளும் விசையும் சேர்ந்துகொள்ளும். கீழே சீமெந்துத் தரை.

வீட்டுக்காரர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவரை மாற்றியது என் விளக்கமல்ல. மகள்தான், "அப்பா, அந்தப் பரல் தண்ணியிலதான் உடுப்புக் கழுவுறம்" என்றாள். சீற்றை அப்படியே விடுவது, பீலிக்குள் கிடக்கும் மண்ணையும் பாசியையும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுக் கையால் அள்ளிப் பையில் கட்டுவது, உலர்ந்த தூரிகையால் தேய்ப்பதில்லை என்று முடிவானது.

மின்சாரமும் மருந்தும்

மெயின் சுவிச் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து வெட்டும் ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பொத்தானை அமர்த்தினேன். விழவில்லை. இன்னொரு தரம் அமர்த்தியும் விழவில்லை. அந்த வீட்டில் அதை யாரும் ஒருபோதும் அமர்த்திப் பார்த்ததில்லை. தண்ணீரும் 230 வோல்ற்றும் ஒரே கையில் வரும் வேலைக்கு இது இல்லாமல் தொடங்க முடியாது என்று சொல்லி, வேலையை ஞாயிறு காலையிலிருந்து திங்களுக்குத் தள்ளினோம். ஞாயிறன்று தெரிந்த வயரிங் ஆள் வந்து 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்றைப் புதிதாகப் போட்டார். கழற்றிய சுவிச்சின் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கடற்கரை வீட்டில் இருப்பவர்கள் இதை வாசித்தவுடன் எழும்பிப் போய் அந்தப் பொத்தானை அமர்த்திப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மற்றவை சுலபமானவை. வயர் ரோலை முழுதாக அவிழ்த்து விரிப்பது. சுற்றியபடியே எட்டு அம்பியர் அளவு இழுத்தால் உள்ளே சூடேறி உறை உருகும். பிளக் இணைப்பு நிலத்தில் கிடக்காமல் கதிரை மேல் இருக்க வேண்டும். மீற்றர் பெட்டிக்கும் வெளி லைற்றுக்கும் பொலித்தீன் கட்டுவது. முகட்டு வயருக்குக் கீழுள்ள சுவரை மெஷினால் அடிப்பதில்லை. ஏணியில் நின்று அடிப்பதே இல்லை. ஒரு மாடி வீடுதான், நீட்டுக் குழாய் போட்டால் நிலத்திலிருந்தே எட்டும்.

பாசியைப் பற்றி ஒரு சொல். அழுத்தத்தால் மட்டும் பாசியை அகற்றினால் வேர்போல உள்ளே இறங்கியது அப்படியே கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். அதைச் சாகடிப்பது மருந்து. கடையில் வாங்கும் பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, கைத் தெளிப்பானால் அடித்துக் கால் மணி நேரம் காயாமல் வைத்திருந்து கழுவுவது என்று வைத்துக்கொண்டோம். செவ்வரத்தை, ரோசாச் செடிகளை முதலில் நன்றாக நனைத்தோம், கிணற்றை மூடினோம்.

திங்கள் காலை தம்பி தெளிப்பானில் பிளீச்சைக் கலக்கும்போது வீட்டுக்கார அம்மாவின் தங்கை கழிவறை கழுவும் அசிட் போத்தலைக் கொண்டுவந்து, "இதையும் கொஞ்சம் ஊத்துங்க தம்பி, பளிச்செண்டு வரும்" என்றார். போத்தல் மூடி திறந்தாயிற்று. நான் சத்தம் போட்டேன் என்றே சொல்ல வேண்டும். பிளீச்சும் அசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையாக இருந்தால் ஆளை விழுத்திவிடும். அவர் மனம் நொந்து போனார். பிறகு போய் விளக்கினேன். எத்தனை வீடுகளில் கழிவறைக்கு இரண்டையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. அவரும் ஊற்றியிருக்கிறார், தொண்டை எரிந்ததை மருந்தின் வேகம் என்று நினைத்திருக்கிறார்.

சுவர் வேலை

காலை எட்டரைக்குத் தொடங்கினோம். மெஷினோடு, தண்ணீர் பாயும் குழாய் நுனியில் மாட்டும் நான்கு முனைகள் வந்திருந்தன. சிவப்பு, ஒற்றைக் கோடாக அடிப்பது. அதை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மஞ்சள் 15 பாகைக்கு விரித்து அடிப்பது, பச்சை 25, வெள்ளை 40.

பச்சை முனையால் வடக்குச் சுவரின் ஓரமூலையில் ஒரு கை அகலம் பரீட்சித்தோம். ஓரடித் தூரத்தில் பெயின்ற்றோடு பூச்சின் மேல்மண்ணும் வந்தது. இரண்டடிக்குப் பின்வாங்கி, வெள்ளை முனைக்கு மாறியதும் பாசி மட்டும் போனது. மருந்து ஏற்கெனவே வேலை செய்திருந்ததால் அதற்குமேல் அழுத்தம் தேவைப்படவில்லை. உப்புப் பூத்த அடிப்பகுதியை மெஷினால் தொடாமல் தும்புத் தூரிகையாலும் ஹோஸ் பைப் தண்ணீராலும் தேய்த்தோம். ஜன்னல் இடுக்குகளுக்கு நேரே அடிக்காமல், மேலிருந்து கீழே ஓடுகிற மாதிரி அடித்தோம். தம்பியின் கை பெயின்ற் கை, பதமாக இருந்தது. செருப்போடு வந்தவருக்கு வீட்டுக்காரரின் றப்பர் பூட்ஸ் கொடுத்தோம், கண்ணாடி நான் கொண்டுபோனது. மதியத்துக்குள் நான்கு சுவரும் முடிந்தன. எனக்கு மனநிறைவாக இருந்தது. ஆபத்தெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் எண்ணினேன்.

1.40 மணி

சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சியது கேற்றடிப் பாதை மட்டும். கெட்டிச் சீமெந்து என்பதால் மஞ்சள் முனை போட்டோம். நான் விறாந்தையில் வீட்டுக்காரரோடு பெயின்ற் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விசிறி ஒரு பக்கம் கோணலாகப் போகத் தொடங்கியது. முனையில் மணல் அடைத்திருந்தது. தம்பி கைப்பிடியில் அழுத்திப் பிடித்திருந்த விசையை விட்டார், மோட்டார் நின்றது. மெஷினோடு வந்த ஊசியை எடுத்து, குழாயை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் முனையைப் பிடித்து, வலது கையால் குத்தினார். குழாய் வழுக்கியது. விழாமல் பிடிக்கப் போன வலது உள்ளங்கை விசையில் பட்டது. இடது சுட்டுவிரல் நுனி முனைக்கு நேரே இருந்தது.

இந்த மெஷின்களின் இயல்பை இங்கே விளக்க வேண்டும். விசையை விட்டதும் மோட்டார் தானாக நிற்கும்படி செய்திருக்கிறார்கள். சத்தம் அடங்கிவிடும். ஆனால் மெஷின் ஓய்ந்ததாக அர்த்தமில்லை. விசை தொட்டவுடன் திரும்ப ஓடக் காத்திருக்கிறது. அதோடு, பம்புக்கும் விசைக்கும் நடுவிலுள்ள பைப்பில் அழுத்தம் அப்படியே அடைபட்டுக் கிடக்கும். பிளக்கைக் கழற்றினாலும், விசையை ஒரு தரம் அழுத்தி வெளியே விடாதவரை அது போகாது. விசையில் பூட்டுக் கொக்கி இருந்தது, போடப்படவில்லை. இரைச்சலோடு பழகிய காதுக்கு, இரைச்சல் நின்றால் மெஷின் நின்றது. தம்பி அப்படித்தான் நினைத்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், ஏனென்றால் அவருக்கு யாரும் வேறுவிதமாகச் சொல்லவில்லை.

நாற்பது நிமிடம்

அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. விரலைத் தண்ணீரில் கழுவி, துணித் துண்டொன்றைச் சுற்றிக்கொண்டு பாதையை அடித்து முடித்தார். 2.20 போல மெஷினைச் சுருட்டும்போது இடது கையை மடக்காமல் வேலை செய்வதைக் கண்டு கேட்டேன்.

"அது ஒண்டும் இல்ல சேர். ஊசி குத்தின மாதிரித்தான்."

துணியை அவிழ்த்துப் பார்த்தேன். விரல் நுனியில் குண்டூசித் தலையளவு துளை. இரத்தம் இல்லை. ஆனால் விரல் நடுக்கணு வரை வெளிறி, பொருமி, இறுகியிருந்தது. தொட்டால் மரத்தது போல இருக்கிறதென்றார். வீட்டுக்கார அம்மா மஞ்சளும் பிளாஸ்டரும் கொண்டுவந்தார். கூட இருந்தவர்களில் ஒருவர், இரவு வீங்கினால் நாளைக்குக் காட்டலாம் என்றார்.

இந்த வகைக் காயத்தைப் பற்றி நான் முன்னரே அறிந்திருந்தேன், அது தற்செயல். வெளியே தெரியும் துளை காயமல்ல. உள்ளே போன தண்ணீர், அது கொண்டுபோன அழுக்கு, தசைநாண் உறை வழியே அது ஓடிய தூரம், இவைதான் காயம். பெயின்ற்றோ கிறீஸோ உள்ளே போயிருந்தால் விரல் போய்விடக்கூடும். சில மணித்தியாலங்களே அவகாசம். தண்ணீர் அந்தளவு மோசமில்லை. ஆனால் இது பாசியும் பிளீச்சும் கிணற்று மணலும் கலந்த தண்ணீர். வலி குறைவாக இருப்பது நல்ல அறிகுறியல்ல.

அம்புலன்ஸுக்கு 1990 அழைக்க நினைத்தோம். கேற்றடியில் ஓட்டோ நின்றது, பாலம் கடந்தால் நகரம். ஓட்டோவிலேயே போனோம். ஏறுமுன் ஒரு துண்டில் எழுதினேன்: அழுத்தத் தண்ணீர் விரலுக்குள் பாய்ந்தது, சுமார் 100 பார், பிளீச் கலந்திருக்கலாம், நேரம் 1.40, மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. அந்தக் கடைசி வரி மயக்க மருந்து கொடுப்பவருக்கு. விரல் காயம் என்று மட்டும் சொல்லியிருந்தால் வரிசையில் இருத்தியிருப்பார்கள். துண்டை வாசித்த தாதி நேரே உள்ளே கூட்டிப்போனார்.

விளைவு

எக்ஸ்றே எடுத்து, ஏற்பு ஊசி போட்டு, அன்று பின்னேரமே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். விரலை நீளவாக்கில் திறந்து கழுவினார்கள். மணல் துகள்கள் நடுக்கணு தாண்டியும் போயிருந்தனவாம். காயத்தை மூடாமல் விட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்து மூடினார்கள். ஐந்து நாள் விடுதியில் இருந்தார். தொற்று வரவில்லை. விரல் தப்பியது. ஆறு வாரத்துக்குப் பிறகு முழுதாக மடக்க முடிந்தது, ஆனால் நுனியில் உணர்ச்சி இன்னும் குறைவு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கடுக்கிறது என்கிறார்.

விடுதியில் அவரிடம் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். நாட்கூலி வேலை, பாதியில் நிறுத்தினால் பாதிச் சம்பளம் என்று நினைத்தாராம். வருசத்துக்கு வீட்டுக்குக் காசு தேவைப்பட்டது. அதோடு, வாடகை மெஷினைப் பழுதாக்கிவிட்டேன் என்று சொல்வார்களோ என்ற பயம். இதைக் கேட்டபின் பல நாள் எனக்கு மனம் ஆறவில்லை. மின்சாரத்துக்கும் கூரைக்கும் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசினோம். காயப்பட்டால் சம்பளம் குறையாது என்ற ஒரு வசனத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஆறு வாரக் கூலியையும் கொடுத்தார், பெயின்ற் வேலையையும் அவருக்கென்றே வைத்திருந்தார். நல்ல மனம். ஆனால் அது நடந்த பிறகு வந்த வார்த்தை.

மெஷினைத் திருப்பிக் கொடுக்குமுன் தண்ணீர் நுழையும் வாயைக் கழற்றிப் பார்த்தேன். அங்கே இருக்க வேண்டிய சல்லடை இல்லை. முன்னர் யாரோ கழற்றியிருக்க வேண்டும். கிணற்று மணல் தடையில்லாமல் பம்புக்கும் முனைக்கும் போனது அதனால்தான். கடைக்காரரிடம் காட்டினோம், புதுச் சல்லடை போடுவதாகச் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

முதலாவது, சல்லடை. மெஷினை எடுக்கும் இடத்திலேயே வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அரை நிமிட வேலை. அடைப்பு வராமல் இருந்திருந்தால் ஊசியைக் கையில் எடுக்கும் தேவையே வந்திருக்காது.

அடுத்தது நிறுத்தும் முறை. தொடங்கும் முறையை மணிக்கணக்காகப் பேசிய நான், நிறுத்தும் முறையை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இந்த ஒழுங்கு: சுவிச்சை நிற்பாட்டு, பிளக்கைக் கழற்று, தண்ணீர்க் குழாயைப் பூட்டு, வெறும் நிலத்தை நோக்கி விசையை அழுத்தித் தண்ணீர் ஒழுகி ஓயும்வரை பிடி, கொக்கியைப் போடு, அதன்பின் முனையைக் கழற்றித் தனியே எடுத்துச் சுத்தம் செய். குழாயில் மாட்டியிருக்கும்போது முனைக்கு முன்னால் கை போகக்கூடாது. துணிக் கையுறை இதைத் தடுக்காது, அதை நம்பக்கூடாது.

ஆள் இல்லாத நேரமும் ஒரு பிழை. கடினமான வேலை முடிந்ததும் நான் எழும்பி விறாந்தைக்குப் போனேன். மெஷின் ஓடும்வரை இரண்டாவது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், அது பாதையாக இருந்தாலும் சரி. சாப்பாட்டுக்குப் பின் வரும் அசதி நேரத்தில் இன்னும் கட்டாயம்.

கூலியைப் பற்றிய பேச்சு வேலை தொடங்குமுன் நடக்க வேண்டும். "சின்னக் காயமெண்டாலும் உடனே சொல்லு மனே, சம்பளம் குறையாது, மெஷின் உடைஞ்சா அது எங்கட பாடு" என்று வீட்டுக்காரர் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்வது வேறு, கூலி கொடுப்பவர் சொல்வது வேறு.

கூரை முடிவை மாற்றமாட்டேன். கல்யாணத்துக்குச் சமையல் பந்தலைக் குசினிக்கு முன்னால் உயர்த்திக் கட்டி வெள்ளைத் துணி விரித்தார்கள், சீற் யார் கண்ணிலும் படவில்லை. ஆடி அமாவாசை கழிந்ததும், மழைக்கு முன்னர், அந்தச் சீற்றுகளை நனைத்து, உடைக்காமல் ஆணி கழற்றி முழுதாக இறக்கிவிட்டுத் தகரம் போடுவதாக இருக்கிறார்கள். அதுவரை பரலின் வாயை மூடி, உடுப்புக்குக் கிணற்றுத் தண்ணீரை எடுக்கிறார்கள்.